ஆசைப்பட்டுக் கொடுப்பதாக எழுத வேண்டாம்

ஆவண மொழிபெயர்ப்புக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் யாருடைய கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தாலும் ‘மாதிரி’ என்று ஒரு கோப்பு இருக்கும். விற்பனைக்கு ஒன்று, அடமானத்துக்கு ஒன்று, விடுதலைப் பத்திரத்துக்கு ஒன்று. பெயரை மாற்றி, சர்வே எண்ணை மாற்றி, அச்சுக்குக் கொடுத்துவிடுவீர்கள். நான் குறை சொல்லவில்லை. நானும் அப்படித்தான் பிழைத்தேன். டைப்ரைட்டர் காலத்தில் எனக்கு அது ஒரு நீளமான நோட்டுப் புத்தகமாக இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அந்தக் கோப்பில் ஒரு வரி இருக்கிறது. அதைத் தினமும் ஒட்டுகிறீர்கள், ஒரு நாளும் படிப்பதில்லை. அந்த வரியைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

ஆங்கிலப் பத்திரத்தில் சொத்து விவரத்துக்கு முன்னால் வரும் வரி அது. இன்னார் இன்னாருக்கு இந்தச் சொத்தைக் கொடுக்க ‘டிசைரஸ்’ ஆக இருப்பதால் என்று தொடங்கும். ஆங்கிலப் பத்திரங்களில் எல்லோருக்கும் எப்போதும் ஆசை பொங்கி வழியும். விற்பவருக்கு விற்க ஆசை, வாங்குபவருக்கு வாங்க ஆசை, கடன் முற்றி அடமானம் வைக்க வந்தவருக்குக்கூட அடமானம் வைக்க ஆசை. அகராதியைப் புரட்டினால் ஒரு குடும்பமே உட்கார்ந்திருக்கும். ஆசை, விருப்பம், அவா, நாட்டம், இச்சை, வேட்கை. ஆங்கிலத்திலும் வான்ட், விஷ், டிசையர், வில்லிங் என்று அதே போல ஒரு குடும்பம். எதற்கு எதை ஜோடி சேர்ப்பது என்பதுதான் நம் பிழைப்பு.

அதில் நான் கெட்டிக்காரி என்று எனக்கு ஒரு மிதப்பு இருந்தது. கோயம்புத்தூரில் சர்ச் பள்ளியில் படித்த ஆங்கிலம், வக்கீல் ஆபீசில் தட்டிய தட்டச்சு, பிறகு பொள்ளாச்சிப் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரே சொந்தக் கடை. ‘டைப்பக்கா’ என்றால் ஊரில் தெரியும். மிதப்பு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பொள்ளாச்சி மாட்டுச்சந்தையில் தரகு பார்த்த ஒருவர் உயில் எழுதினார். வெளிநாட்டில் இருந்த மகனுக்காக அதை ஆங்கிலத்தில் கேட்டார்கள். தமிழில், தன் மனைவியைப் பிள்ளைகள் கடைசிவரை வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டுமென்று ஆசைப்படுவதாக எழுதியிருந்தது. நானும் ‘விஷ்’ என்று போட்டேன். போட்ட பிறகு உறுத்தியது. அப்பா ஆசைப்பட்டார், எங்களால் முடியவில்லை என்று நாளைக்குப் பிள்ளைகள் கையை விரித்தால் என்ன செய்வது? மனிதரைக் கூப்பிட்டு, இது உங்கள் ஆசையா, உத்தரவா என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “ஆசையாவது ஒண்ணாவது! பாக்கோணும். பாக்காதவனுக்கு எடம் இல்லைன்னு எழுதுங்க” என்றார். தமிழையும் திருத்தி, ஆங்கிலத்தையும் திருத்தினோம். பின்னால் அந்த அம்மாள் நன்றாகவே இருந்தார் என்று கேள்விப்பட்டேன்.

அன்றிலிருந்து சொற்களை எடை போடத் தெரிந்தவள் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். சரியான சொல்லைக் கண்டுபிடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். இதை நீங்கள் கவனித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் நான் செய்த பெரிய தவறு இந்த மிதப்பிலிருந்துதான் வந்தது.

நான் கடையை மூடுவதற்கு இரண்டு வருடம் முன்னால் நடந்தது. பெயர்களை மாற்றிச் சொல்கிறேன். பொள்ளாச்சிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் நாச்சிமுத்து என்பவர், வயது அறுபதை ஒட்டி. அவருக்கு ஒரே தங்கை, தங்கமணி. அப்பா எழுதிவைக்காமல் இறந்துவிட்டதால் மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு இரண்டு பேருக்கும் பொது. தேங்காய் நார்த்தூள் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனி அந்தத் தோப்பைக் கேட்டது. தங்கை தன் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும், பிறகு அண்ணன் விற்பார். இந்தப் பக்கத்தில் இது புதிதல்ல. கூடப் பிறந்தவள் கையெழுத்துப் போடுவாள், அண்ணன் தம்பிகள் சீர் செய்வார்கள், பங்கு என்ற பேச்சே எழாது. எழுந்தால் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுப் போகும் என்று பெண்களுக்கு ஒரு பயம்.

கம்பெனிக்கு வெளிநாட்டுக் கூட்டாளி இருந்ததால் எல்லாப் பத்திரமும் ஆங்கிலத்தில் வேண்டும் என்றார்கள். தங்கமணிக்கு ஆங்கிலம் தெரியாது. அப்படி இருந்தால், அவருக்குத் தமிழில் படித்துக் காட்டி, புரிந்துகொண்டுதான் கையெழுத்துப் போட்டார் என்று ஒருவர் பத்திரத்தின் அடியில் சான்று எழுதிக் கையொப்பமிட வேண்டும். அதற்குத்தான் என்னிடம் வந்தார்கள். முதல் நாளே நாச்சிமுத்து வந்து நகலைக் கொடுத்துவிட்டுப் போனார்.

“அவ ஒண்ணும் சொல்ல மாட்டாளுங்க மேடம். என்ற கல்யாணத்துக்கு இணைச்சீருக்கு நின்னவ. அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு பேசி நான் பாத்ததே இல்லீங்க” என்றார். இணைச்சீர் என்பது கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குக் கூடப் பிறந்தவள் பக்கத்தில் நின்று செய்கிற சடங்கு. அதைச் சொல்லும்போது அவர் குரலில் பெருமை இருந்தது. நல்ல மனிதர்தான். கெட்டவர் என்று நினைத்துக்கொண்டு கதையைக் கேட்காதீர்கள்.

மறுநாள் தங்கமணி பெருந்துறையிலிருந்து மூன்று பஸ் மாறி வந்து சேர்ந்தார். ஐம்பத்திரண்டு வயது. கணவர் போய்ச் சேர்ந்த பிறகு மகள் வீட்டில் இருந்தார். மருமகனுக்கு அங்கே தொழிற்பேட்டையில் வேலை. கையில் ஒரு துணிப்பை. அண்ணன் மனைவியை இந்தப் பக்கம் நங்கையா என்பார்கள். நங்கையாவுக்கு என்று ஒரு சென்னிமலைப் படுக்கை விரிப்பு வாங்கி அந்தப் பையில் வைத்திருந்தார். பங்கை எழுதிக் கொடுக்க வருகிறவர், வெறுங்கையோடு வரக்கூடாது என்று!

பதிவுக்கு டோக்கன் பதினொன்றே முக்காலுக்கு. கம்பெனி வக்கீல், சின்னப் பையன், பத்தரைக்கே லேப்டாப்பும் கையுமாக வந்துவிட்டார். எனக்கு ஒரு வழக்கம் உண்டு. படித்துக் காட்டும்போது சம்பந்தப்பட்டவரைத் தவிர யாரும் உள்ளே இருக்கக்கூடாது. அண்ணனையும் வக்கீலையும் வராந்தாவில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினேன். இந்த வழக்கத்தை மட்டும் நீங்கள் என்னிடமிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு பத்தியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். “சேரீங்க… சேரீங்க…” என்று கேட்டுக்கொண்டு வந்தார். அந்த வரியில் நிறுத்தினார்.

“நான் ஆசைப்பட்டுக் குடுக்கறேன்னா போட்டிருக்குதுங்க?”

“ஆமாங்க அம்மணி. எல்லாப் பத்திரத்துலயும் இப்படித்தான் வரும்.”

“எல்லாரும் ஆசைப்பட்டுத்தான் குடுத்தாங்களாக்கும்” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

“கையெழுத்துப் போடறேனுங்க அக்கா. அதுக்குத்தான வந்திருக்கறேன். ஆனா ஆசைப்பட்டுக் குடுக்கறதா எழுத வேண்டாமுங்க. அது பொய்யுங்க.”

முப்பது வருடத்தில் அந்த வரியை நிறுத்திக் கேள்வி கேட்ட முதல் ஆள் அவர்தான். எனக்கு உள்ளுக்குள் ஒரு குஷி. என் கெட்டிக்காரத்தனத்துக்குச் சரியான வேலை வந்துவிட்டது என்று நினைத்தேன். ஆசை வேண்டாமா, போகட்டும், விருப்பம் என்று போடலாமா என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தார். “விருப்பம்னா ரெண்டு வெச்சு அதுல ஒண்ணை எடுக்கறதுங்க. பொடவைக் கடையில எடுக்கற மாதிரி. எனக்கு எங்கீங்க ரெண்டு வெச்சாங்க?”

மனமுவந்து என்று போடலாமா என்றேன்.

“பஸ்ஸுல அழுதுட்டு வந்தனுங்க. பக்கத்துல உக்காந்திருந்த அம்மா பாத்துப்போட்டு, யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லீங்களான்னு கேட்டாங்க.”

நான் அத்துடன் நிறுத்தியிருக்க வேண்டும். அழுதுகொண்டு வந்ததாக ஒரு பெண் சொல்லும்போது அடுத்த சொல்லைத் தேடிக்கொண்டிருந்தேன், பாருங்கள். இசைவு என்றேன், அது அவருக்குப் புரியவில்லை. கடைசியில் சம்மதம் என்றேன். அந்தச் சொல்லை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார்.

“சம்மதம்னா தலையாட்டறதுதானுங்க? அது வேணா போட்டுக்குங்க. ஆட்டறேன்.”

கிடைத்துவிட்டது! வராந்தாவுக்குப் போய் வக்கீலிடம் ஆங்கிலத்திலும் அந்த வார்த்தையை மாற்றச் சொன்னேன். எங்கள் ஆபீஸ் மாதிரியில் அப்படித்தானே இருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே மாற்றினார். நான் வெற்றியோடு உள்ளே திரும்பினேன். அச்சாகி வரும்வரை சும்மா பேசுவது போலக் கேட்டேன்.

“அப்ப உங்களுக்கு என்னதானுங்க வேணும்?”

இப்படி ஒரு கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை போலிருக்கிறது. ஆனால் பதில் தயாராக இருந்தது. ஒரு வினாடிகூடத் தயங்கவில்லை.

“எனக்குப் பத்து சென்ட் எடம் வேணுமுங்க. ஊட்டுப் பக்கமா, ரோட்டோரமா, எங்கயாச்சும். ஒரு ரூம்பு கட்டிக்குவேன். கதவைச் சாத்துனா அது என்ற கதவா இருக்கோணும்.”

பிறகு, மருமகனைக் குறை சொன்னதாக ஆகிவிடுமோ என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். “மாப்பிள்ளை நல்ல பையனுங்க. ஒரு வார்த்தை எச்சாப் பேச மாட்டாரு. ஆனா அவங்க சொந்தக்காரங்க வந்துட்டா நான் பாயைச் சுருட்டிக்கிட்டுச் சமையக்கட்டுக்குப் போயரோணுமுங்க. மாசத்துல பத்து நாளு அப்படித்தான்.”

“அண்ணன்கிட்டக் கேட்டீங்களா?”

“நான் எப்படீங்க கேப்பேன்? நான் கேட்டு அவரு இல்லைன்னுட்டா, அப்பறம் எந்த மொகத்தோட அந்த ஊட்டுக்குப் போவேன்?” சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தார். “நீங்க சொல்லுங்கக்கா. நீங்க ரெண்டு பக்கமும் பேசத் தெரிஞ்சவங்க. நான் சொன்னா பங்கு கேட்ட மாதிரி ஆயிரும். நீங்க சொன்னா கேட்டுக்குவாரு.”

இங்கே நன்றாகக் கவனியுங்கள். அவர் பாதித் தோப்புக்கு உரியவர். கேட்டது பத்து சென்ட். அதைக் கேட்கும் வேலையை என்னிடம் ஒப்படைத்தார். மொழிபெயர்ப்பு என்றால் இதுதான். ஒருவர் வாயில் இருப்பதை, அவர் போக முடியாத இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது.

நான் வராந்தாவுக்குப் போனேன். மணி பதினொன்றேகால். வக்கீல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பெனிக்காரர்கள் இரண்டு பேர் புதிதாக வந்து நின்றார்கள். நாச்சிமுத்து எழுந்து, “முடிஞ்சுதுங்களா மேடம்?” என்றார். அத்தனை பேர் முன்னால், கூலி கொடுத்தவரிடம், உங்கள் தங்கைக்கு நிலம் வேண்டுமாம் என்று எப்படிச் சொல்வது? நம் பக்கத்தில் அப்படிப் பேசிப் பழக்கம் உண்டா? எதையும் நேராகப் போட்டு உடைக்காமல் பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்றுதானே வளர்ந்தோம். நானும் பக்குவமாகச் சொன்னேன்.

“தங்கச்சிக்கு மனசுல கொஞ்சம் சங்கடம் இருக்குதுங்க. நீங்க பாத்து ஏதாச்சும் செஞ்சு குடுங்க.”

“அட, செய்யாம உட்ருவனுங்களா?” என்றார் உடனே. “அவ பேத்திக்குக் காதுகுத்து வருதுங்க. அந்தக் கொழந்தைக்குத் தாய்மாமன் இல்லீங்க, நானே முன்னால நின்னு மோதிரம் போட்டு நெறைவாச் செஞ்சுபோடறேன். அவகிட்டச் சொல்லுங்க.”

உள்ளே போய், “அண்ணன் பாத்துச் செய்யறேன்னுட்டாருங்க” என்றேன்.

“சொல்லிப்போட்டீங்களா! சரின்னாருங்களா?” தங்கமணியின் முகம் மலர்ந்தது. அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. காலையிலிருந்து அந்தப் பெண் அப்போதுதான் முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் பத்து சென்டை நினைத்தார். அண்ணனோ காதுகுத்து மோதிரத்தை நினைத்தார். இரண்டு பேருக்கும் நடுவில் நின்ற எனக்கு மட்டும் இரண்டும் தெரியும். தெரிந்தும், பரவாயில்லை, அண்ணன் தங்கைக்குள் பிறகு பேசிக்கொள்வார்கள் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு பத்திரத்தின் அடியில் கையெழுத்துப் போட்டேன். முழுவதும் புரிந்துகொண்டார் என்று சான்று.

சார்பதிவாளர் முன்னால் போய் நின்றோம். கேமராவில் முகம் எடுத்தார்கள், விரல் ரேகை எடுக்க வேண்டியது பாக்கி. அவர் நல்ல அதிகாரி. எல்லோரும் போகிற போக்கில் கேட்கும் கேள்வியை அவர் தலையை நிமிர்த்தி, ஆளைப் பார்த்துக் கேட்பார்.

“எழுதிக் குடுக்கறது உங்களுக்குச் சம்மதந்தானேம்மா?”

தங்கமணி பதில் சொல்லவில்லை. அண்ணனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எதையோ கேட்க வாய் எடுத்த மாதிரி இருந்தது. மூன்று வினாடி, அதிகம் போனால் நான்கு. பின்னால் வரிசை நிற்கிறது, அதிகாரி காத்திருக்கிறார். பெரியவர்களைக் காக்க வைக்கக் கூடாது என்பது நமக்கு ரத்தத்தில் ஊறியது. என் வாய் தானாகத் திறந்தது.

“சம்மதந்தானுங்க சார்.”

அதிகாரி தலையாட்டினார். தங்கமணியின் விரலைக் கருவியில் வைத்தார்கள். முடிந்தது.

படியில் இறங்கும்போது என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார். “அக்கா, அந்தப் பத்து சென்ட்டு இதுல எந்தப் பக்கத்துல போட்டிருக்குதுங்க?”

அண்ணன் பார்த்துச் செய்வார் என்று திரும்பவும் அதையே சொன்னேன். அவர் நின்றுவிட்டார்.

“நீங்க அவருகிட்டப் பத்து சென்ட்டுன்னு சொல்லவே இல்லீங்களா?”

நான் தரையைப் பார்த்தேன்.

“உள்ள சம்மதம்னும் நீங்கதான் சொன்னீங்க. நான் சொல்லலீங்க” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, நடந்ததை நடந்தபடி சொன்னார். கீழே கம்பெனிக்காரர்கள் எல்லோருக்கும் டீயும் இனிப்பும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நாச்சிமுத்து இரண்டு எட்டு தூரத்தில் நின்றார். அப்போதாவது நான் போய்ச் சொல்லியிருக்கலாம். இனிப்பைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றேன். தங்கமணி அண்ணனிடம் போய், நங்கையாவுக்கு என்று அந்த விரிப்பைக் கொடுத்துவிட்டு, “வாரனுங்ணா” என்று பஸ் நிலையத்துக்கு நடந்துவிட்டார். மறுநாள் தோப்பு கம்பெனிக்குக் கிரயமானது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். சர்ச்சில் முழங்காலில் நிற்கும்போதும் அந்தப் படிக்கட்டுதான் நினைவுக்கு வரும். ஆசை என்ற சொல்லை மாற்றியதற்கு நான் பட்ட பாட்டில் கால்வாசி, பத்து சென்ட் என்ற சொல்லை வாசலுக்கு வெளியே கொண்டுபோவதற்குப் பட்டிருந்தால் போதும். மொழிபெயர்ப்பே தேவையில்லாத சொல் அது. தமிழிலிருந்து தமிழுக்குத்தான் போக வேண்டும், பத்தடி தூரம்.

எட்டு மாதம் கழித்து நாச்சிமுத்து கடைக்கு வந்தார். மகன் வெளிநாடு போவதற்குப் பிறப்புச் சான்றிதழை ஆங்கிலத்தில் கேட்டார். வேலை முடிந்தும் எழுந்து போகவில்லை.

“ஏனுங்க மேடம், ஒண்ணு கேக்கோணும். தங்கச்சி பொங்கலுக்கு வரலீங்க. ஊர்க் கோயில் நோம்பிக்கு வரலீங்க. சென்னிமலைல பேத்திக்குக் காதுகுத்து வெச்சாங்க, போய் மோதிரம் போட்டேன். வாங்கண்ணான்னு கூப்டா, சோறு போட்டா, அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசலீங்க. அன்னிக்குக் கதவைச் சாத்தி வெச்சிருந்தீங்களே, உங்ககிட்ட என்னங்க சொன்னா?”

இந்தத் தடவை நான் எதையும் சேர்க்கவில்லை, குறைக்கவில்லை. பத்து சென்ட், ரோட்டோரம், ஒரு அறை, பாயைச் சுருட்டிக்கொண்டு சமையலறைக்குப் போவது, கதவு. தங்கமணி சொன்ன வார்த்தையிலேயே சொன்னேன். அதை என்னிடம் சொல்லி அனுப்பியதையும், நான் சொல்லாமல் விட்டதையும், அதிகாரி கேட்டபோது பதில் சொன்னது நான்தான் என்பதையும் சொன்னேன்.

கையில் இருந்த சான்றிதழ் உறையை மேசைமேல் வைத்தார்.

“பத்து சென்ட்டுங்களா?” என்றார். “ஊட்டை ஒட்டி முப்பது சென்ட்டு சும்மா கெடக்குதுங்க. அதைக் கம்பெனிக்கு நான் குடுக்கவே இல்லியே. இதை ஏனுங்க அன்னிக்கே சொல்லலீங்க?”

“மரியாதையாச் சொல்லோணும்னு நெனச்சனுங்க.”

“நல்ல மரியாதைங்க” என்றார்.

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. கேட்டிருந்தால் அன்று கொடுத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. சொல்வது சுலபம். ஆனால் அதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பை அவருக்கும் தராமல் செய்தது நான். அவருடைய பதிலையும் நானே முடிவு செய்துவிட்டேன், தங்கமணியின் பதிலைச் சொன்ன மாதிரியே.

அங்கேயே உட்கார்ந்து தங்கைக்குப் போன் போட்டார். அவருக்கு ஒரு காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டார்.

“அம்மணி, உனக்குப் பத்து சென்ட் எடம் வேணும்னியாமா?”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. எனக்கு வாய் பரபரத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“அதெல்லாம் அப்பக் கேட்டதுங்ணா” என்றார் தங்கமணி. “இப்ப ஒண்ணும் வேண்டாமுங்க. நங்கையா சவுக்கியமா இருக்கறாங்களா? ஒங்க காலு வலி எப்படி இருக்குது?” இரண்டு வார்த்தை நலம் விசாரித்துவிட்டு, அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

நாச்சிமுத்து போனை மேசைமேல் வைத்தார். “வேண்டாங்கறாளுங்க” என்றார். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். “நெசமாலுமே வேண்டாங்கறாளா? நீங்க சொல்லுங்க. உங்களுக்குத் தெரியுமல்ல.”

அந்த ‘வேண்டாம்’ என்பதற்கு என்னிடம் நாலு அர்த்தம் தயாராக இருந்தது. கோபம், ரோஷம், பயம், அலுப்பு. எதை எடுத்துக் கொடுத்தாலும் அவர் நம்பியிருப்பார். தம்பிகளே, தங்கைகளே, இத்தனை வருட வேலையில் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்த இடம் அதுதான். அந்த நாலையும் எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

“எனக்குத் தெரியாதுங்க” என்றேன். “அன்னிக்கு வேணும்னாங்க. இன்னிக்கு வேண்டாங்கறாங்க. நீங்க நேர்ல போய் உக்காந்து கேளுங்க. கேட்டுப்போட்டு, அவங்களாப் பதில் சொல்ற வரைக்கும் இருங்க. நடுவுல யாரும் வேண்டாம், நானும் வேண்டாம்.”

அவர் எழுந்தார். சான்றிதழ் உறையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வாசல்வரை போனவர், திரும்பி வந்தார். நான் கூலி பற்றிக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

“மருமகன் வாடகைக்கு வேற ஊடு மாத்தி ரெண்டு வருசமாச்சுங்க” என்றார். குரல் இறங்கிவிட்டது. “அந்த ஊட்டுக்கு நான் ஒரு தடவைகூடப் போனதில்லீங்க. பெருந்துறைல அது எங்க இருக்குதுன்னே தெரியாது. உங்க பத்திரத்துல அவ வெலாசம் இருக்குமல்லங்க?”

இருந்தது. எடுத்து, பெரிய எழுத்தாக, தமிழில் எழுதிக் கொடுத்தேன்.